நாற்பதும் இருபத்தைந்தும்

பிள்ளை, நீ கொடுத்துவிட்ட கடிதம் சண்டையில் பாதை அடைபட்டதால் கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்த ஒருவரின் சட்டைப் பையில் நனைந்து, காய்ந்து, முந்தநாள் கடைக்கு வந்து சேர்ந்தது. கலியாணம் முடிந்து கொழும்புக்குப் போன மகள் முதல் கடிதத்தில் வீடு எப்படி, மாமியார் எப்படி என்றெல்லாம் எழுதியிருப்பாள் என்று உன் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தாள். நீயோ அதை நான்கு வரியில் முடித்துவிட்டு, மிச்சம் ஒன்றரைப் பக்கத்துக்கு இரண்டு கொம்பியூட்டர்களைப் பற்றி எழுதியிருக்கிறாய். வெள்ளவத்தையில் வகுப்புத் தொடங்க மலிவாக ஒரு பெட்டி வாங்கப் போகிறாயாம். கடைக்காரன் இரண்டைக் காட்டினானாம். ஒன்றின் முகத்தில் அறுபத்தாறு எரிகிறதாம், மற்றதில் முப்பத்துமூன்று. எதை வாங்கட்டும் என்று என்னிடம் கேட்கிறாய். அந்த இடத்தில் அம்மா வாசிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ஆரிட்டைக் கேக்கிறாள் பாத்தியளே" என்றாள். பிறகு அவளால் தொடர்ந்து வாசிக்க முடியவில்லை. சிரித்து முடிய, மிச்சத்தை நானே வாசித்தேன்.

நீ கேலிக்குக் கேட்டாயோ உண்மையாகவே கேட்டாயோ தெரியாது. உண்மை என்றே எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். அது இரண்டு வரியில் முடியாது. நெல்லியடி மாஸ்டர் கொம்பியூட்டர் கேட்டு வந்த அன்று உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய சிலதை நான் சொல்லவில்லை. கலியாண வேலையோடு அது அப்படியே போய்விட்டது. இப்போது கடையில் சனம் குறைவு, கையில் நல்ல பேனை ஒன்று அகப்பட்டிருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

முதலில் ரேடியோக் கதையிலிருந்து தொடங்க வேண்டும். எண்பத்து நான்கு அளவில் நான் சைக்கிள் உதிரிப்பாகங்களோடு ரேடியோவும் வைத்து விற்றது உனக்கு நினைவிருக்கும். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மூன்று பாண்ட் ரேடியோ ஒன்று, ஐந்து பாண்ட் ரேடியோ ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சனம் ஐந்தைத்தான் தூக்கும். அந்த ஐந்தில் இரண்டு வெறும் இரைச்சல் என்று எனக்குத் தெரியும். நான் யாருக்கும் பொய் சொல்லவில்லை. பெட்டியில் ஐந்து என்று அச்சடித்திருந்தது, நான் அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். ஒரு நாள் உரும்பிராயிலிருந்து வந்த தோட்டக்காரர் ஒருவர் ஐந்தைக் கையில் எடுத்து, மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த உன்னைப் பார்த்து, உதெல்லாம் வேலை செய்யுமோ பிள்ளை என்று பகிடியாகக் கேட்டார். நீ தலை நிமிராமல், "நாலாவதும் அஞ்சாவதும் இரையும் மாமா, கதையாது" என்றாய். மனுசன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். நான் உன் காதைத் திருகினேன். உண்மையைச் சொன்னதற்காகத் திருகுகிறேன் என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தும் திருகினேன். பதினொரு வருடம் கழித்து மன்னிப்புக் கேட்பது வெட்கம்தான். ஆனாலும் கேட்கிறேன்.

நான் சந்தை வாசலில் சாக்கு விரித்து சைக்கிள் வால்வ் ரியூப் விற்றுத் தொடங்கியவன். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவனும் எண்ணை வாசிப்பான் என்பதுதான் அங்கே நான் கற்ற முதல் பாடம். தண்ணீர்ப் பம்புக்கு எத்தனை குதிரைவலு, சைக்கிள் சில்லு எத்தனை அங்குலம், டோர்ச் லைற் எத்தனை பற்றரி. பெரிய எண்ணை முன்னால் வைத்தால் சாமான் தானே விலைப்படும். வருடக்கணக்காக அடுத்தவருக்கு அப்படி விற்ற ஒருவன், தானும் அந்த வலையில் விழுவான் என்று நினைத்தேனா? கடை இருக்கிற எங்கள் திருநெல்வேலியில் கம்பஸ் பெடியள் ஆய்வுக் கட்டுரை அடிக்க அலைகிறார்கள், கடைக்குப் பின்னால் அறை சும்மா கிடக்கிறது, ஒரு கொம்பியூட்டர் போட்டால் என்ன என்று நீதான் சொன்னாய். நீ சொன்னபடி நீயே தெரிந்தெடுக்க விட்டிருக்கலாம். நான் விடவில்லை. கொழும்பிலிருந்து தடைச் சாவடிகளுக்குத் தெரியாமல் துண்டு துண்டாக, பிஸ்கற் தகரத்திலும் தலையணை உறையிலுமாக ஒன்றை எடுப்பித்தேன். அதன் நெற்றியில் சிவப்பு எழுத்தில் நாற்பது என்று எரிந்தது. பெயர் த்ரீ எயிற்றி சிக்ஸ் எஸ்.எக்ஸ். பெயரை யார் பார்த்தார்கள், நான் நாற்பதைப் பார்த்தேன்.

ஆறு மாதம் கழித்து, வெளிநாடு போகிற விரிவுரையாளர் ஒருவர் தன் பெட்டியைக் கொடுக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, ரைப் அடித்துச் சேர்த்த காசைக் கொண்டு நீயே போய் அதை வாங்கி வந்தாய். அதே மலிவு வெள்ளைக் கூடு, அதே போல நெற்றியில் சிவப்பு எழுத்து. ஆனால் இருபத்தைந்து. ஃபோர் எயிற்றி சிக்ஸ் எஸ்.எக்ஸ் என்றாய். நான் கடை முழுக்கக் கேட்கச் சிரித்தேன். நாற்பது இருக்கும் வீட்டுக்கு இருபத்தைந்தைக் கொண்டு வந்து சேர்த்தாய் என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொன்னேன். நீயோ இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வேலையைத் தொடங்கினாய்.

காட்டிக்கொடுத்தது மண்ணெண்ணெய். கரண்ட் இல்லாத ஊரில் எல்லாவற்றையும் அதுதானே அளக்கிறது. சிறிஞ்சால் இரண்டு துளி பெற்றோல் விட்டு ஜெனரேற்றரை இழுத்துப் பற்றவைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டும் அந்த வித்தையை நான்தான் உனக்குப் பழக்கினேன். ஜெனரேற்றருக்குப் பெட்டி வேகமா மெதுவா என்று கவலை இல்லை. வேலை முடியும்வரை அது குடித்துக்கொண்டே இருக்கும். நாற்பதில் வேலை செய்த நாள்களில் போத்தல் சீக்கிரம் காலியாவதையும், இருபத்தைந்தில் செய்த நாள்களில் மிஞ்சுவதையும் முதலில் கண்டது உன் அம்மா. "குடிக்கிறதிலை மட்டும் உங்கடை பெட்டி நாப்பதுதான்" என்றாள். அது எப்படி என்று நான் உன்னிடம் கேட்டேன். தோற்றவன் கேட்கிற மாதிரி, குரலைத் தாழ்த்தி, யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

நீ விளங்கப்படுத்திய விதம் எனக்கு இன்னும் பிடிக்கும். அந்த எண் வேகம் இல்லை, மிதி என்றாய். ஒரு நொடிக்குள் பெடலை எத்தனை தரம் சுற்றுகிறது என்ற கணக்கு அது. நாற்பது மிதி மிதித்தாலும் முன்பக்கப் பல்லுச் சில்லு சின்னதென்றால் சைக்கிள் எவ்வளவு தூரம் போகும்? இருபத்தைந்து மிதியிலும் பெரிய பல்லுச் சில்லு பூட்டியவன் தாண்டிப் போவான். அதோடு, என் பெட்டிக்கு உள்ளே அகலமான வீதி இருந்தாலும் படலைக்கு வெளியே ஒற்றை ஒழுங்கைதான், சாமானெல்லாம் அதால்தான் வந்துபோக வேண்டும். உன் பெட்டியோ அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டின தகரத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது, நான் வால்வ் ரியூப்பை மேசைக்குக் கீழேயே வைத்திருப்பதுபோல. என் பெட்டி ஒவ்வொரு நட்டுக்கும் பின்னறைக்கு ஓடுகிறது. இரண்டும் மலிவுச் சாமான்தான், தசமக் கணக்குக்கென்று இருக்க வேண்டிய தனி மூளை இரண்டிலும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாய். புத்தகம் படித்தவள் சைக்கிள் கடைக்காரனுக்குச் சைக்கிளாலேயே சொல்லித் தந்தாய். அன்றே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதைத்தான் நீ நினைவில் வைத்திருக்க வேண்டும். மாஸ்டர் வந்தபோது நான் தெரியாதவன் இல்லை.

நெல்லியடியில் ஒரு பள்ளிக்கூடத்தின் உப அதிபர் அவர். பெற்றோர் சேர்த்துக் கொடுத்ததில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கொம்பியூட்டர் எடுக்க வேண்டும், உங்களிடம் இரண்டு இருக்கிறதாமே, ஒன்றைத் தருவீர்களா என்று சைக்கிளில் வந்து கேட்டார். வடமராட்சி முழுக்கத் தேடியிருக்கிறார். பார்த்த உடனேயே அவர் கண் நாற்பதில் போய் நின்றது. என் உள்ளே இருந்த வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை. அதைக் கொடுத்தால் நல்ல பெட்டி, பின்னறையில் நீ தொடங்கியிருந்த கொம்பியூட்டர் வகுப்புக்கு மிஞ்சும். உன்னிடம் படிக்கிற பதினொரு பிள்ளைகளும் கஷ்டப்பட மாட்டார்கள். உனக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியை இன்றுதான் எழுதுகிறேன். அந்த நாற்பது மேசையில் இருக்கும்வரை என் முட்டாள்தனமும் நெற்றியில் வெளிச்சம் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தது. அதை நெல்லியடிக்கு அனுப்பிவிட்டால் என் கண்ணுக்கு மறைந்துவிடும்.

வருகிற சனிக்கிழமை வந்து எடுத்துப்போகிறேன் என்று சொல்லி மாஸ்டர் போனார். நீ ஜெனரேற்றரைத் துடைத்துக்கொண்டே கேட்டாய். "அவர் எது வேகம் எண்டு கேட்டா என்ன சொல்லுவியள்?"

"நான் ஒண்டும் சொல்லமாட்டன். நம்பர் சொல்லும்."

"நம்பருக்கு வாய் இல்லை அப்பா. உங்களுக்குத்தான் இருக்கு. அந்தப் பிள்ளையளும் மண்ணெண்ணையிலைதானே ஓட்டப்போகினம்?"

"உன்ரை பெட்டி போனா நீ எதிலை படிப்பிப்பாய்?"

நீ நாற்பதைப் பார்த்து, "உதிலை" என்றாய். அவ்வளவுதான். என்னோடு சண்டை பிடித்திருந்தால் நான் வென்றிருப்பேன், எனக்கு வாய் பெரிது. நீ சண்டைக்கு வரவே இல்லை.

சனிக்கிழமை காலையில் பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு பெட்டியின் நெற்றியும் இருட்டு. அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பின்னால் கடுகளவு கறுப்பு மூடிகள் இருக்கின்றன என்றும், அவற்றை மாற்றிப் பூட்டினால் எந்த எண்ணும் எரியும் என்றும், அதற்கும் உள்ளே இருக்கும் புரோசசருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றும் நீ முன்பு சொன்னபோது நான் காதில் வாங்கியிருக்கவில்லை. நீ மூடிகளை எல்லாம் கழற்றித் தீப்பெட்டிக்குள் போட்டிருந்தாய். இடமும் மாற்றி வைத்திருந்தாய். எந்தக் கூட்டுக்குள் எது என்று எனக்கே தெரியவில்லை. மாஸ்டருக்காக மட்டும் என்றால் எண்ணை மறைத்தது போதும். இடத்தை மாற்றியது எனக்காக. என் கண்சாடையைக் கூட நீ நம்பவில்லை. கோபம் வந்தது. ஆனால் நம்பாமல் விட்டது சரி என்பதால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெளியே போய், வரப்போகிற மாஸ்டருக்குத் தேநீர் சொன்னேன்.

மாஸ்டர் வந்ததும் ஏன் எண் எரியவில்லை, பழுதோ என்று கேட்டார். பழுதில்லை, நான்தான் நிறுத்தினேன், நீங்கள் வேலையைப் பார்த்து எடுங்கள் என்று சொன்னாய். முதல் தரம் வந்தபோது அவரிடம் வாங்கி வைத்த பள்ளிக்கூடச் சோதனைப் புள்ளிகள் முழுவதும் பிளொப்பியில் இருந்தன. வகுப்பு வகுப்பாகக் கூட்டி, முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று வரிசைப்படுத்த நீயே ஒரு புரோகிராம் எழுதியிருந்தாய். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு போத்தல் மண்ணெண்ணெய், ஒரே மட்டத்துக்கு. மாஸ்டரையே ஊற்றச் சொன்னாய். அவர் வாத்தியார் என்பதால் கண்ணுக்கு நேரே பிடித்து, குனிந்து, நிமிர்ந்து, சொட்டுப் பிசகாமல் ஊற்றினார். முதலில் இடப்பக்கத்துப் பெட்டி. ஒன்பதாம் வகுப்பு நடந்துகொண்டிருக்க ஜெனரேற்றர் இருமி, நடுங்கி, நின்றது. மொனிற்றர் இருண்டது. பிறகு வலப்பக்கம். எல்லா வகுப்பும் முடிந்து, மாஸ்டர் தன் மகனின் பெயரைப் பதினேழாம் இடத்தில் தேடிப் பிடித்து, உவனுக்கு வீட்டிலை இருக்கு என்று சொல்லிச் சிரித்து முடிந்த பிறகும் ஜெனரேற்றர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மாஸ்டர் என்னைத்தான் கேட்டார். "முதலாளி, நீங்கள் எண்டா எதை எடுப்பியள்?"

இத்தனை வருட வியாபாரத்தில் இந்தக் கேள்வியை ஆயிரம் பேர் என்னிடம் கேட்டிருப்பார்கள். ஒருவருக்கும் நான் நேராகப் பதில் சொன்னதில்லை. அன்று நான் உன்னைப் பார்த்தேன். நீ தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாய். உன் பெட்டி போகப் போகிறது என்று தெரிந்து நின்றாய். "வலப்பக்கத்தது. அது என்ரை மகளின்ரை" என்றேன். பிறகு எது நாற்பது, எது இருபத்தைந்து என்பதையும் நானே அவருக்குச் சொன்னேன். அவர் நம்பவில்லை. மூடிகளைப் பூட்டிக் காட்டச் சொன்னார். நீ காட்டினாய், எந்த எண்ணையும் எரிய வைக்கலாம் என்பதையும் சேர்த்து.

கூட்டைப் பழைய மெத்தைத் துண்டால் சுற்றி, நான் வெட்டிக் கொடுத்த ரியூப் கீலங்களால் கரியரில் கட்டி, மொனிற்றரை இன்னொரு ஆசிரியரின் சைக்கிளில் ஏற்றி, அவர்கள் இருவரும் பலாலி வீதியால் பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப் போவதுபோல மெதுவாகப் போனார்கள். நீ கடை வாசல்வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போய் நாற்பதின் தூசியைத் துடைத்தாய்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும் என்றாலும் என் கண்ணால் பார்த்ததை ஒரு தரம் சொல்லுகிறேன். மெதுவான பெட்டியை வைத்துக்கொண்டு நீ வகுப்பைக் கெடுத்துக்கொள்வாய் என்று பயந்தேன். அது கணக்கைப் போட்டு முடிக்கும் இடைவெளியில், விடை வர முதல் நீங்கள் விடையைச் சொல்லுங்கோ என்று பிள்ளைகளைக் கடதாசியில் போடவைத்தாய். அவர்கள் பெட்டியோடு போட்டி போட்டார்கள். சில நாள் வென்றும் விட்டார்கள். பெட்டி மெதுவென்று முறைப்பாடு சொன்ன ஒரு பெற்றாரும் இல்லை. அதோடு நீ சும்மா இருக்கவில்லை. அந்த வரிசைப்படுத்தும் புரோகிராமை இரண்டு கிழமை குந்தியிருந்து திருப்பி எழுதினாய். புதிய மாதிரியில் நாற்பதுக்கே எல்லா வகுப்பும் அரைப் போத்தலில் முடிந்தது. அதைப் பிளொப்பியில் போட்டு நெல்லியடிக்கும் அனுப்பினாய். பெட்டிகள் இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்த எனக்கு, வேலை செய்கிறவளை ஒப்பிட வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

மாஸ்டர் பருத்தித்துறைவரை கதை பரப்பிவிட்டார். நம்பரை மறைத்து விற்கிற கடை என்று எங்களுக்குப் பெயர் வந்தது. தண்ணீர்ப் பம்புக்கு வருகிறவனும் குதிரைவலுவைக் கேட்காமல், ஒரு போத்தலுக்கு எத்தனை பாத்தி பாயும் என்று கேட்கிறான். பதில் சொல்வது கரைச்சல்தான். சிலதை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் வந்தவன் திரும்பவும் வருகிறான். முன்பு நான் விற்றேன், இப்போது அவர்களாக வாங்குகிறார்கள். இந்த வயதில் அது உடம்புக்கும் சுகம்.

உனக்கு மாப்பிள்ளை பேசியபோது தரகர் வந்திருந்து உயரம், வயது, சோதனைப் புள்ளி, பொருத்தம் பத்துக்கு எட்டு என்று எண்ணாக அடுக்க, நீ கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவிடம், கோபம் வந்தா அவர் என்ன செய்வார் எண்டு கேளுங்கோ என்று சொல்லிவிட்டாய். தரகரிடம் அதற்கு எண் இருக்கவில்லை. நான் போய் அவரோடு வேலை செய்தவர்களைக் கேட்டு வந்தேன். கோபம் வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வருவாராம். கொழும்பில் சைக்கிள் ஓட இடமிருக்கிறதோ தெரியாது. இல்லாவிட்டால் நடக்க விடு.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அறுபத்தாறோ முப்பத்துமூன்றோ, எனக்குத் தெரியாது. இந்த முறை பெரிய எண்ணே நல்லதாகவும் இருக்கலாம். பெரிய எண் என்பதற்காகவே அதைச் சந்தேகிப்பதும் முட்டாள்தனம்தான். உன் பிளொப்பியைக் கொண்டு போ. நெற்றியில் ஒரு கடதாசியை ஒட்டச் சொல்லு, கடைக்காரன் ஒரு மாதிரிப் பார்ப்பான், பார்க்கட்டும். உன் வேலையை இரண்டிலும் ஓட்டு. அங்கே கரண்ட் சுவரிலிருந்து வருவதால் போத்தலால் அளக்க முடியாது. எவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்பதால் அள. காத்திருப்பதில் உனக்குக் கரைச்சல் இல்லை என்றால் மலிவானதை எடுத்துவிட்டு மிச்சத்துக்கு நல்ல கதிரை வாங்கு. பிள்ளைகள் உட்காருவது அதில்தானே.

நாற்பது இன்னும் பின்னறை மேசையில்தான் இருக்கிறது. நீ போன பிறகு மூன்று பேர் விலைக்குக் கேட்டார்கள். எண்ணைப் பார்த்துத்தான் கேட்டார்கள். நான் ஒரு வேலை செய்தேன். உன் பெட்டி செய்யும் வேலை இருபத்தைந்து என்றால் உது எத்தனை பெறும் என்று நான் ஒரு தரம் கேட்க, பதின்மூன்று சொல்லலாம் என்றாயே. அதை நினைத்து, அம்மாவின் மயிர் பிடுங்கும் சிறு இடுக்கியையும் உன் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்கக் குனிந்திருந்து அதன் நெற்றியில் பதின்மூன்றைப் பூட்டினேன். பதின்மூன்றை ஒருவரும் வாங்க மாட்டார்கள். பெட்டி எனக்கு மிஞ்சும். பார்த்தாயா, வியாபாரப் புத்தி முழுதாகப் போய்விடவில்லை.

ஆனால் ஒரு மூடி கைதவறி விழுந்துவிட்டது. கடை முழுக்கக் கூட்டியும் கிடைக்கவில்லை. அதனால் மூன்றின் நடுக்கோடு எரியாமல், அது என்ன எண் என்றே ஒருவருக்கும் விளங்காமல் இருக்கிறது. கொழும்பில் அந்த மூடி சும்மாவே தருவார்கள் என்று அம்மா எழுதச் சொல்லுகிறாள். நீ ஒன்றும் கொடுத்துவிடாதே. வருகிறவர்கள் எல்லாம், உது என்ன நம்பர் அண்ணை என்று கேட்கிறார்கள். கேட்டால் நான் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்லி, உன்னிலிருந்து கதையைத் தொடங்குகிறேன்.

அப்பா